வீட்டுக்கு ஏற்ற கித்தார் ஆம்ப்: தேர்வும் பயன்பாடும் கைவேலையும்

எலெக்ட்ரிக் கித்தார் வாங்குபவர்கள் கித்தாரைப் பல நாள் ஆராய்ந்து தேர்ந்தெடுத்துவிட்டு, ஆம்ப் எனப்படும் ஆம்ப்ளிஃபையரை மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதில் ஒன்றாக வாங்கி வந்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. ஆனால் கடைசியில் காதில் விழும் ஒலியை நிர்ணயிப்பதில் ஆம்புக்கும் அதனுள் இருக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள பங்கு, கித்தாரின் மரத்துக்கு உள்ள பங்கைவிடப் பெரிது என்பது என் உறுதியான கருத்து. எனவே வாங்கும் பணத்தைப் பிரிக்கும்போது ஆம்புக்கு உரிய பங்கை ஒதுக்க வேண்டும். அந்தப் பங்கைச் செலவழிக்கும்போது பெட்டியின் மேல் அச்சிடப்பட்ட வாட் எண்ணைப் பார்க்காமல், நம் அறையில் நாம் உண்மையில் வாசிக்கப்போகும் ஒலியளவில் அது எப்படி ஒலிக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அந்த ஒரே அளவுகோலைச் சுற்றியே அமைகிறது.

வாட் எண் சொல்வதும் சொல்லாததும்

கித்தாருக்கென்றே செய்யப்படும் 12 அங்குல ஸ்பீக்கர்களில் பல, ஒரே ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தொலைவில் 97 முதல் 100 டெசிபல் வரை ஒலிக்கக்கூடியவை. செலஸ்டியன் நிறுவனத்தின் கிரீன்பேக் ஸ்பீக்கருக்கு 98 டெசிபல் என்றும், விண்டேஜ் 30 ஸ்பீக்கருக்கு 100 டெசிபல் என்றும் அளவு குறிக்கப்பட்டிருக்கிறது. இருவர் இயல்பாகப் பேசிக்கொள்ளும் ஒலி ஏறத்தாழ 60 டெசிபல். வீட்டில் தனியாகப் பயிற்சி செய்ய 75 டெசிபல் தாராளமாகப் போதும் என்று வைத்துக்கொண்டால், 97 டெசிபல் ஸ்பீக்கர் ஒன்று அதற்கு எடுத்துக்கொள்ளும் திறன் ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்கைக்கூட எட்டாது. ஆகவே 10 வாட் ஆம்ப் போதாது, 40 வாட் வேண்டும் என்று யாராவது சொன்னால், அந்த வாதம் வீட்டுக்குப் பொருந்தாது.

திறன் இரு மடங்காகும்போது ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடுகிறது. காதுக்கு இரு மடங்கு உரக்கக் கேட்க வேண்டுமானால் ஏறத்தாழப் பத்து மடங்கு திறன் வேண்டும். இதனால் 50 வாட் ஆம்புக்கும் 100 வாட் ஆம்புக்கும் இடையே உள்ள வேறுபாடு நினைப்பதைவிடச் சிறியது. ஆனால் 6 அங்குல ஸ்பீக்கருக்கும் 12 அங்குல ஸ்பீக்கருக்கும் இடையே உள்ள வேறுபாடு, மெதுவாக வாசிக்கும்போதுகூடத் தெளிவாகக் கேட்கும். சிறிய கூம்பு கித்தாரின் தடித்த கம்பிகளுக்கு வேண்டிய காற்றை அசைக்க முடியாமல் திணறுகிறது. இடமும் பணமும் அனுமதித்தால், வாட்டைக் குறைத்து ஸ்பீக்கரைப் பெரிதாக்குங்கள். குறைந்தது 8 அங்குலமாவது இருக்கட்டும்.

காதுகளுக்கும் இதே கணக்கு பொருந்தும். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபலில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்றும், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும் என்றும் பரிந்துரைக்கிறது. 97 டெசிபல் ஸ்பீக்கரோடு அரை வாட்டை மட்டும் முழுதாகப் பயன்படுத்தும் ஆம்பின் முன் ஒரு மீட்டரில் உட்கார்ந்தால் 94 டெசிபல் வரும். அந்த அளவுக்கு உரிய நேரம் ஒரு மணி.

எந்த வகை

வால்வுகளால் (வெற்றிடக் குழாய்களால்) இயங்கும் ஆம்ப்களின் மீது கித்தார் கலைஞர்களுக்கு உள்ள பற்றுக்குக் காரணம் உண்டு. வெளியீட்டு வால்வுகள் தம் எல்லையைத் தொடும்போது ஒலி மெல்ல மெல்லக் கரகரப்பாகி, விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப மாறுகிறது. 1950-களின் பிற்பகுதியின் ஃபெண்டர் சேம்ப் ஆம்ப் ஒரே ஒரு 6வி6 வால்வையும் 8 அங்குல ஸ்பீக்கரையும் வைத்து 5 வாட் மட்டுமே தந்தது. லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் 1960-களின் தொடக்கத்தில் உருவான மார்ஷல் ஜேடிஎம்45, ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்பின் சுற்றை அடியொற்றியது. வாக்ஸ் ஏசி15, ஏசி30 ஆகியவை இஎல்84 வால்வுகளால் புகழ்பெற்றன. இன்று டிஜிட்டல் ஆம்ப்களின் பட்டியலில் காணும் பெயர்களில் பல இவற்றைப் போலச் செய்தவையே. ஆனால் 15 வாட் வால்வு ஆம்ப் தன் இனிய எல்லையைத் தொடும்போது ஒரு மீட்டரில் 105 டெசிபலைத் தாண்டிவிடும். சேம்ப் போன்ற 5 வாட் ஆம்ப்கூட அடுக்குமாடிக் குடியிருப்பில் முழுதாகத் திறக்க முடியாத அளவுக்கு உரத்தது. அதனால், தனி வீடும் பொறுமையான அண்டை வீட்டாரும் இல்லாதவர்கள் முதல் ஆம்பாக வால்வு ஆம்பை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டிரான்சிஸ்டர் ஆம்ப்களில் மலிவானவை, ஃபெண்டர் ஃப்ரண்ட்மேன் 10ஜி போன்றவை, எளிமையானவை, உறுதியானவை. அவற்றின் சுத்தமான ஒலி நன்றாகவே இருக்கும், டிஸ்டார்ஷன் எனப்படும் கரகரப்பு மட்டும் சற்றுக் கூர்மையாக இருக்கும். காலால் இயக்கும் நல்ல எஃபெக்ட் பெடல் ஒன்று வாங்கினால் அந்தக் குறையும் பெரும்பாலும் நீங்கிவிடும்.

வீட்டுக்கு இன்று மிகவும் பொருந்துபவை, புகழ்பெற்ற ஆம்ப்களின் ஒலியை டிஜிட்டலாகப் போலச் செய்யும் மாடலிங் ஆம்ப்களே. 2011-இல் வந்த யமஹா டிஹெச்ஆர்10, மேசையில் வைத்துக் குறைந்த ஒலியில் வாசிப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டது, பேட்டரியிலும் இயங்கும். பாஸ் (Boss) நிறுவனத்தின் கட்டானா 50-இல் 12 அங்குல ஸ்பீக்கர் இருப்பதோடு, திறனை 50, 25, அரை வாட் என மாற்றும் சுவிட்ச் இருப்பதால், மாஸ்டர் வால்யூம் குமிழை ஒரு மயிரிழை திருப்பியதும் ஒலி குதித்தெழும் தொல்லை குறைகிறது. இரவு வாசிப்புக்கு ஹெட்போன் துளை அவசியம்.

இரண்டு தவறான குறுக்கு வழிகளையும் சொல்லிவிட வேண்டும். கித்தாரை நேராக ஹோம் தியேட்டரின் ஆக்ஸ் துளையில் சொருகினால் ஒலி மங்கிப்போகும். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புக்கு ஏறத்தாழ ஒரு மெகாஓம் உள்ளீட்டு மின்தடை தேவைப்படும்போது, அந்தத் துளை தருவது பெரும்பாலும் சில பத்து கிலோஓம் மட்டுமே. டிஸ்டார்ஷன் பெடலை அதில் இணைத்தால் எதிர்மாறாகக் காதைக் கிழிக்கும். ஏனெனில் கித்தார் ஸ்பீக்கர்கள் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக அடங்கிவிடுபவை, வீட்டு ஸ்பீக்கர்கள் அப்படியல்ல. அதே காரணத்தால்தான் செல்பேசிப் பாட்டைக் கித்தார் ஆம்பில் கேட்டால் போர்வைக்குள்ளிருந்து வருவது போல் இருக்கிறது.

கடையில் பார்க்க வேண்டியவை

உங்கள் கித்தாரையே எடுத்துச் செல்லுங்கள். கடையில் ஆம்பை உரக்க வைத்துக் காட்டுவார்கள். நன்றி சொல்லிவிட்டு, பக்கத்தில் ஒருவர் குரலை உயர்த்தாமல் பேச முடிகிற அளவுக்குக் குறைத்துக் கேளுங்கள். அந்த அளவில் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கிறதா, வால்யூம் குமிழ் படிப்படியாகக் கூடுகிறதா, அல்லது ஒன்றுமில்லாமையிலிருந்து திடீரென்று உரத்த ஒலிக்குத் தாவுகிறதா என்று பாருங்கள். பிறகு ஹெட்போனிலும் கேளுங்கள்.

பழைய ஆம்ப் என்றால் இன்னும் கவனம் தேவை. கித்தார் கேபிளைச் சொருகாமல் ஆன் செய்து, குமிழ்கள் அனைத்தையும் முழுதாகத் திருப்பி ஹம் (தொடர்ந்து வரும் ரீங்கார இரைச்சல்) எவ்வளவு என்று கேளுங்கள். குமிழ்களைத் திருப்பும்போது கரகரப்பு வந்தால் அது காண்டாக்ட் கிளீனரால் தீரும். அதற்காக வாங்காமல் விட வேண்டியதில்லை. உள்ளீட்டுத் துளை ஆடினாலும் சரிசெய்துவிடலாம். ஆனால் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒயரோ அலுமினியத் தாளோ சுற்றியிருந்தால், கருகிய வாடை வந்தால், மின்கம்பியில் எர்த் முனை வெட்டப்பட்டிருந்தால், அந்த ஆம்பை அங்கேயே விட்டுவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் ஆம்பின் பின்புறத்தில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருப்பதை முதலில் படியுங்கள். அமெரிக்காவில் விற்கப்படுவது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் வீட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நேராகச் சொருகினால் ஆம்ப் எரிந்துபோகும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும்போது, ஆம்ப் எடுக்கும் திறனைப் போல இரு மடங்கு தாங்கக்கூடியதாகவும், மூன்று முனை எர்த் இணைப்பு ஆம்ப் வரை தொடர்வதாகவும் இருக்க வேண்டும். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் வடிவமைக்கப்பட்ட டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடேறும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

எர்த்

கித்தாரின் கம்பிகள், கேபிளின் வெளி உறை வழியாக ஆம்பின் உலோகச் சட்டத்தோடும், அங்கிருந்து சுவரின் எர்த்தோடும் இணைந்திருக்கின்றன. எனவே எர்த் என்பது வாசிப்பவரின் உடலோடு நேரடித் தொடர்புடைய விஷயம். 1972-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராக் கித்தார் கலைஞர் லெஸ் ஹார்வி, வேல்ஸின் ஸ்வான்சி நகர மேடையில் எர்த் சரியாக இணைக்கப்படாத மைக்கைத் தொட்டு மின்சாரம் பாய்ந்து இறந்தார். ஹம் குறைகிறது என்பதற்காக ஆம்பின் எர்த் முனையை வெட்டும் யோசனையை எவர் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் பாயிண்ட் இருந்தும் எர்த் ஒயர் உள்ளே இணைக்கப்படாமலே இருக்கும். எலெக்ட்ரீஷியனை அழைத்து, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டியும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மிகச் சில வோல்ட் மட்டுமேயும் வருகிறதா என்று மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள்; கூடவே மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றைப் பொருத்திக்கொள்வது நல்லது. கம்பியைத் தொடும்போது சுருக்கென்று உணர்ந்தால் அன்று வாசிப்பை நிறுத்திவிட்டு இதைச் செய்யுங்கள்.

அறையும் குமிழ்களும்

நம் வீடுகளின் அறைகளில் தரை டைல்ஸ், சுவர் சிமெண்ட். ஒலி எல்லாப் பக்கமும் மோதித் திரும்பும். மூலையில் தரையோடு ஆம்பை வைத்தால் தாழ்ந்த ஒலி மட்டும் வீங்கி, கீழ் வீட்டாருக்கும் அதிர்வு போகும். ஆம்பைச் சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி, தடித்த ஃபோம் விரித்த நாற்காலி மீது வைத்து, ஸ்பீக்கர் காதைப் பார்க்குமாறு சற்றுச் சாய்த்துவிடுங்கள். உயர்ந்த ஒலி ஸ்பீக்கரின் நடுவிலிருந்து நேராகவே பாய்வதால், ஆம்ப் முழங்கால் உயரத்தில் இருக்கும்போது ட்ரெபிளை அளவுக்கு மீறிக் கூட்டிவிடுகிறோம். பிறகு அதைக் கேட்கும் மற்றவர்களுக்குத்தான் காது வலிக்கிறது. எதிர்ச் சுவரில் ஜமுக்காளமோ தடித்த திரைச்சீலையோ தொங்கினால் ஒலி தெளிவடையும்.

ஒலி குறையும்போது நம் காது தாழ்ந்த சுருதிகளையும் மிக உயர்ந்தவற்றையும் நடுவில் உள்ளவற்றைவிட மங்கலாகக் கேட்கிறது. பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் இதை அளந்து வெளியிட்டார்கள். உரக்க வைத்து அமைத்த ஒலி, இரவில் குறைத்ததும் மெலிந்துபோவதற்குக் காரணம் இதுவே. ஆகவே பாஸ் (தாழ்ந்த ஒலி), மிட் (நடு ஒலி), ட்ரெபிள் (உயர்ந்த ஒலி) குமிழ்களை வாசிக்கப்போகும் அளவிலேயே அமைக்க வேண்டும். மெதுவாக வாசிக்கும்போது பாஸைச் சற்றுக் கூட்டலாம். மூன்றையும் 5-இல் வைத்தால் சமநிலை என்று நினைப்பதும் சரியல்ல. ஃபெண்டர், மார்ஷல் வகைச் சுற்றுகளில் எல்லாம் 5-இல் நிற்கும்போது நடு ஒலி பள்ளமாகவே இருக்கும். மிட்டை உயர்த்தி மற்ற இரண்டையும் தாழ்த்தும்போதுதான் ஒலி சமநிலையை நெருங்குகிறது. பாடலோடு சேர்ந்து வாசிக்கும்போது கித்தார் காணாமல் போகிறது என்றால், வால்யூமைத் தொடும் முன் மிட்டைக் கூட்டிப் பாருங்கள். கெயின் குமிழ் கரகரப்பின் அளவையும், மாஸ்டர் குமிழ் அறைக்குள் வரும் ஒலியின் அளவையும் தீர்மானிக்கின்றன. தொடங்குபவர்கள் கெயினை அதிகமாக வைத்துத் தம் விரல்களின் பிழைகளைத் தாமே கேட்க முடியாமல் செய்துகொள்கிறார்கள்.

ஹம் எங்கிருந்து வருகிறது

கித்தாரின் வால்யூமைப் பூஜ்யமாக்கியதும் இரைச்சல் நின்றால், அது பிக்கப் வழியாக வருகிறது. உட்கார்ந்த இடத்திலேயே உடலைத் திருப்பும்போது கூடிக் குறைந்தால் அருகிலுள்ள மின்சாதனத்தின் காந்தப்புலத்தை ஒற்றைச் சுருள் பிக்கப் வாங்குகிறது என்று பொருள். படியில்லாமல் சுழலும் எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், மலிவான எல்இடி விளக்கு, சதுர அலை தரும் வீட்டு இன்வெர்ட்டர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். மின்வெட்டின்போது மட்டும் இரைந்தால் இன்வெர்ட்டரே காரணம்.

கித்தாரைக் கழற்றிய பிறகும் ஹம் தொடர்ந்தால், அதன் சுருதியைக் கேளுங்கள். தடித்த ஈ கம்பியின் மூன்றாம் கட்டையில் ஒலிக்கும் ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ். ஹம் அந்தச் சுரத்தோடு பொருந்தினால் அது 100 ஹெர்ட்ஸ். ஆம்பின் உள்ளே மின்சாரத்தைச் சீராக்கும் பெரிய கப்பாசிட்டர்கள் தளர்ந்திருக்கக்கூடும், பழைய ஆம்ப்களில் இது எதிர்பார்க்கத்தக்கதே. அதற்கு ஓர் ஆக்டேவ் கீழே இருந்தால் அது 50 ஹெர்ட்ஸ். எர்த்தையோ கேபிளின் உறையையோ சோதிக்க வேண்டும்.

கைவேலை: முதலில் ஒரு சிறு ஆம்ப்

ஆம்பைத் திறந்து பார்க்க ஆசைப்படுபவர்கள் 9 வோல்ட்டில் தொடங்குவதே சரி. எல்எம்386 என்ற எட்டுக் கால் ஐசி ஒன்று, 9 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஏறத்தாழ அரை வாட் தரும். சென்னை ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைக்கும். விலையும் மிகக் குறைவு.

நான்காம் கால் தரை (கிரவுண்ட்) இணைப்பு, ஆறாம் கால் 9 வோல்ட், இரண்டாம் கால் தரை, மூன்றாம் கால் உள்ளீடு, ஐந்தாம் கால் வெளியீடு. ஐந்தாம் காலிலிருந்து 220 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் வழியாக ஸ்பீக்கருக்குச் செல்ல வேண்டும். அதே காலிலிருந்து 10 ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரும் தொடராகத் தரைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் சுற்று தானே கூவத் தொடங்கும். ஆறாம் காலுக்கு மிக அருகில் 100 மைக்ரோஃபாரட் ஒன்று தரைக்கு இருக்கட்டும். ஒன்றாம், எட்டாம் கால்களை வெறுமையாக விட்டால் பெருக்கம் 20. அவற்றின் நடுவே 10 மைக்ரோஃபாரட் வைத்தால் 200. அதோடு தொடராக 1.2 கிலோஓம் சேர்த்தால் 50.

இந்த ஐசியின் உள்ளீடு 50 கிலோஓம் மட்டுமே என்பதால் முன்னால் ஒரு ஜேஃபெட் (கேட், சோர்ஸ், டிரெயின் என்ற மூன்று முக்கியக் கால்கள் உள்ள டிரான்சிஸ்டர்) தேவை. நம் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் பலரும் தொட்டுப் பழகிய பிஎஃப்டபிள்யூ10 இதற்குப் போதும். அதன் கேட்டிலிருந்து தரைக்கு 1 மெகாஓம், சோர்ஸிலிருந்து தரைக்கு 3.9 கிலோஓம், டிரெயின் 9 வோல்ட்டில், கித்தார் 0.047 மைக்ரோஃபாரட் வழியாகக் கேட்டுக்கு வரும். சோர்ஸிலிருந்து ஒரு கப்பாசிட்டர் வழியாக 10 கிலோஓம் வால்யூம் குமிழுக்கும், குமிழின் நடுக் காலிலிருந்து ஐசியின் மூன்றாம் காலுக்கும் இணையுங்கள். அந்தக் கப்பாசிட்டரே விளையாட வேண்டிய இடம்: 0.1 மைக்ரோஃபாரட் வைத்தால் 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி மெலியும், சிறிய ஸ்பீக்கருக்கு அது நன்மை, 0.47 வைத்தால் தடித்த கம்பி முழுதாக வரும். ஸ்டீரியோ ஜாக் ஒன்றை உள்ளீட்டுக்கு வைத்து, பேட்டரியின் எதிர்முனையை அதன் நடு வளையத்தில் இணைத்தால், கேபிளைச் சொருகும்போது மட்டும் ஆம்ப் ஆன் ஆகும்.

முடித்ததும், இதைப் பழைய ரேடியோ ஸ்பீக்கரிலும், பிறகு 10 அல்லது 12 அங்குலக் கித்தார் ஸ்பீக்கரிலும் கேட்டுப் பாருங்கள். அதே அரை வாட் இரண்டாவதில் நிறைக்கும் அளவைக் கேட்ட பிறகு வாட் எண்ணுக்காக யாரும் பணம் கொடுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

கடையில் வாங்கிய ஆம்பில் செய்யத்தக்கவை

ஸ்பீக்கரை மாற்றுவதே அதிகப் பலன் தரும் மாற்றம். புதியதன் ஓம் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். தாங்கும் திறன் ஆம்பின் வாட்டைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், வால்வு ஆம்ப் என்றால் இரு மடங்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்கள் இணையாக 4 ஓம், தொடராக 16 ஓம் ஆகும். டிரான்சிஸ்டர் ஆம்பில் குறிப்பிட்ட ஓமுக்குக் கீழே போனால் வெளியீட்டுப் பகுதி கெடும். வால்வு ஆம்பை ஸ்பீக்கர் இல்லாமல் இயக்கினால் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் கெடும். ஸ்பீக்கருக்குப் போகும் ஒயராகக் கித்தார் கேபிளைப் பயன்படுத்தக் கூடாது.

வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எளிய வழி: முதல் 12ஏஎக்ஸ்7 வால்வை எடுத்துவிட்டு 12ஏஒய்7 வைக்கலாம். முன்னதன் பெருக்கக் காரணி 100, பின்னதற்கு ஏறத்தாழ 45. கால்கள் ஒன்றே, வேறு மாற்றம் எதுவும் வேண்டாம். வால்யூம் குமிழ் வீட்டளவில் மெதுவாகத் திரும்பத் தொடங்கும். வெளியீட்டு வால்வுகளை மாற்றுவது அப்படியல்ல, பல ஆம்ப்களில் பயாஸ் (வால்வின் ஓய்வுநிலை மின்னோட்டம்) அமைக்க வேண்டும். அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

சட்டத்தைத் திறக்க வேண்டிய வேலைகளில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆபத்து போய்விடுவதில்லை. வால்வு ஆம்பின் கப்பாசிட்டர்களில் 300 முதல் 450 வோல்ட் வரை தேங்கியிருக்கும். சிறிய டிஜிட்டல் ஆம்ப்களில் எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கும் பகுதியிலும் 325 வோல்ட் இருக்கும். மீட்டரை டிசியில் வைத்து அளந்து, நன்றாக உறையிட்ட ஒயர்களில் பற்றவைத்த 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டரைச் சில நொடிகள் பிடித்து இறக்கி, மீண்டும் அளந்து, 10 வோல்ட்டுக்குக் கீழே வந்ததை உறுதிசெய்த பிறகே கை வைக்க வேண்டும். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஐயம் இருந்தால் திறக்காதீர்கள்.

வேலை முடிந்து முதல்முறை ஆன் செய்யும்போது, டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப்களை நம் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் சீரிஸ் லேம்ப் வழியாகவே இயக்குங்கள். 60 வாட் குண்டு பல்பு ஃபேஸ் ஒயரில் தொடராக இருக்கும்போது, அது ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் சுற்று சரி. முழு வெளிச்சத்தோடு நின்றுவிட்டால் உள்ளே ஷார்ட் இருக்கிறது, உடனே அணைத்துவிட்டு இணைப்புகளை முதலிலிருந்து பாருங்கள்.